பாட்டில் ஏறும் ஆங்கிலம் பேச்சில் இறங்குமா?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் எங்கே காதில் விழுகிறது? வீட்டில் அதைப் பேச ஆளில்லை. கடைத்தெருவில் அதற்குத் தேவையில்லை. மிஞ்சுவது பாட்டுதான். பேருந்திலும் கைப்பேசியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஒலிக்கும் சினிமாப் பாட்டில் ஆங்கிலச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றன. அவற்றை ஒரு சொல் பிசகாமல் பாடும் பிள்ளைதான், படிப்பு முடிந்து இதே மாவட்டத்தின் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லத் திணறுகிறது.

பாட்டை வைத்தே ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா? முடியும். ஆனால் பாடினால் மட்டும் போதாது.

மெட்டு ஏன் மனத்தில் நிற்கிறது?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேரன் லட்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனையின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. ஹங்கேரிய மொழி அறியாத 60 பேருக்கு அம்மொழியின் சிறு தொடர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு கேட்டதைப் பேச்சாகத் திருப்பிச் சொன்னது. இன்னொரு குழு தாளத்தோடு சொன்னது. மூன்றாவது குழு பாடியது. 15 நிமிடப் பயிற்சிக்குப் பிறகு அந்தத் தொடர்களை ஹங்கேரிய மொழியில் சொல்லிக்காட்டச் சொன்னபோது, பாடிக் கற்றவர்களே முந்தினார்கள்.

காரணம் எளிது. மெட்டு ஒவ்வொரு வரிக்கும் ஓர் அளவு வைத்துவிடுகிறது. ஒரு சொல் மறந்துபோனால் தாளத்தில் அந்த இடம் காலியாக நிற்கும். காது உடனே அதைத் தேடும். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லவைத்த ஆசிரியர்களும், அகராதியையே நிகண்டாகச் செய்யுளில் பாடிவைத்த புலவர்களும் அறிந்திருந்த உண்மை இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கில அரிச்சுவடிப் பாட்டில் எல், எம், என், ஓ, பி என்ற ஐந்து எழுத்துகளும் விறுவிறுவென்று ஓடும். அவற்றை ஒரே எழுத்தின் பெயர் என்று நம்பும் குழந்தைகள் ஆங்கிலமே தாய்மொழியான நாடுகளிலும் இருக்கிறார்கள். பாட்டு மனப்பாடமானால் பொருள் புரிந்துவிட்டது என்று கணக்கில்லை.

உத்திரமேரூரின் பழைய சபைக்கே இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் பொ.ஆ. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின்படி, கால் வேலிக்கு மேல் நிலம் உள்ளவரே வேட்பாளர் ஆகலாம். அரைக்கால் வேலி மட்டும் உள்ளவருக்கும் சலுகை உண்டு; ஆனால் அவர் ஒரு வேதத்தில் வல்லவராக இருப்பதோடு, ஒரு பாஷ்யத்தை விளக்கிச் சொல்லவும் அறிந்திருக்க வேண்டும். ஓதினால் மட்டும் போதாது, விளக்கவும் தெரிய வேண்டும் என்பது விதி.

நாக்கு எங்கே தடுக்குகிறது?

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. சொல்லின் இறுதியில் வரத்தக்க மெய்கள் பதினொன்றைத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவற்றில் க், ச், ட், த், ப், ற் இல்லை. அதனால் ‘புக்’ நம் வாயில் ‘புக்கு’ ஆகிறது, ‘கேட்’ ‘கேட்டு’ ஆகிறது. 2011-இல் இணையமெங்கும் பரவிய ‘ஒய் திஸ் கொலவெறி’ பாட்டின் வேடிக்கையில் பாதி, ஆங்கிலச் சொற்களின் வாலில் ஒட்டிய இந்த உகரம்தான்.

இன்னொரு தடை ஓசையின் ஓட்டம். தமிழில் அசைகள் ஏறக்குறைய சீராக நடக்கும். ஆங்கிலம் முக்கியமான அசையை அழுத்தி நீட்டும். ‘டு’, ‘த’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொற்களை விழுங்கிவிடும். எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகிய மாணவருக்கு, காதில் விழும் ஆங்கிலம் பிடிபடாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கேதான் தாளம் கைகொடுக்கிறது. கூடுதலாக ஓர் உகரம் சேர்த்தால் தாளம் தப்பும். தப்பியதை, தெருக்கூத்தும் உடுக்கைப் பாட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையின் காது தானே கண்டுகொள்ளும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த இசைக்கலைஞர் கேரலின் கிரகாம், 1978-இல் ‘ஜாஸ் சாண்ட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அன்றாட உரையாடல்களைத் தாளம் தட்டிக் குழுவாகச் சொல்லவைக்கும் முறை அது. மெட்டு வேண்டாம், கருவி வேண்டாம், கைதட்டல் போதும். ஒலிபெருக்கியோ இணையமோ இல்லாத பள்ளிக்கும் இது பொருந்தும்.

எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

1987-இல் புகழ்பெற்றிருந்த 50 ஆங்கிலப் பாப் பாடல்களை டிம் மர்ஃபி என்ற மொழியியலாளர் ஆராய்ந்தார். சொற்கள் எளியவை, திரும்பத் திரும்ப வருபவை, பேச்சைவிட மெதுவாக நகர்பவை என்று கண்டார். ஆனால் எல்லாப் பாட்டும் வகுப்புக்கு ஆகாது. இலக்கணத்தை மீறும் வரிகளும், பிள்ளைகள் முன் சொல்லக் கூசும் வரிகளும் பாப் பாடல்களில் ஏராளம். மெட்டுக்காக அழுத்தம் இடம் மாறிய சொற்களும் உண்டு.

மெதுவான நடை, தெளிவான உச்சரிப்பு, திரும்ப வரும் வாக்கியம் ஆகிய மூன்றும் உள்ள பாட்டே நல்லது. ‘வீ ஷேல் ஓவர்கம்’ அப்படிப்பட்டது. கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வடிவம் வழியாகவும் நம் பள்ளிகளுக்குப் பழக்கமான மெட்டு. சரணத்துக்குச் சரணம் சில சொற்களே மாறுவதால், பாட்டே வாக்கியப் பயிற்சியாக அமைந்துவிடுகிறது.

ஒரு பாடவேளையில் என்ன செய்யலாம்?

பாட்டைப் போடுமுன் ஐந்தாறு புதுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லலாம். முதல் முறை சும்மா கேட்கட்டும். அடுத்த முறை, சில சொற்கள் விடுபட்ட வரிகளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். பிறகு சேர்ந்து பாடலாம். பெரும்பாலான வகுப்புகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மெட்டை நீக்கி அதே வரியைப் பேச்சாகச் சொல்ல வேண்டும். பிறகு அந்த வாக்கியத்தில் தன் ஊரை வைக்க வேண்டும்: ஏரி, நெல் அறுவடை, காலைப் பேருந்து, தறி. கடைசியாக ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். பாட்டில் இருந்த வாக்கியம் மாணவரின் சொந்த வாக்கியமாவது இந்த மூன்று படிகளில்தான்.

அரசுத் திட்டத்தில் பாட்டு உண்டா?

உண்டு. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றையும் ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் வழியே கற்பிக்கிறது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை விரிந்தது. பிள்ளை மேல் வகுப்புக்குப் போகப் போக, பாட்டு வகுப்பிலிருந்து விலகிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் எழுத்துத் தாள்தான். கேட்பதற்கும் பேசுவதற்கும் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்குப் பாடவேளை ஒதுக்க ஆசிரியர் தயங்குவதில் வியப்பில்லை.

அதற்காக நாள்தோறும் பாட வேண்டியதில்லை. ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியர்கள் இதற்கென ஒதுக்கினால் போதும். ஆங்கில வகுப்பில் பாட்டுச் சத்தம் கேட்டால் பெற்றோரும் முகம் சுளிக்க வேண்டாம். அன்று மாலை பிள்ளையிடம் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லாதீர்கள். அதிலிருந்து கற்ற ஒரு வாக்கியத்தைப் பேசச் சொல்லுங்கள்.