கடல்மணலில் பொன் தேடும் கருவி

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் புத்தூரைக் கடந்தபின் வருவது வடமாலபேட்டை. இவ்வூர் சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தது. ஊருக்கு அண்மையில் கடல் இல்லை. ஆயினும் மாசிமகத்திலும் ஆடி அமாவாசையிலும் கடலாடச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. சென்ற இடத்தில் அலையின் இழுப்பில் தாலிச்சரடோ மோதிரமோ நழுவிவிட்டால் செய்வதறியாது நிற்கிறோம். ‘அதைத் தேடக் கருவி உண்டாமே’ என்று அருகிலிருப்போர் எவரேனும் கூறுவர். அக்கருவியால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

மெட்டல் டிடெக்டர் எனப்படும் இக்கருவி நேயர்களுக்குப் புதியதன்று. விமான நிலையத்தில் நாம் நுழைந்து செல்லும் சோதனை வாயிலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கம்பிச்சுருள் ஒன்றில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. அப்புலம் உலோகத்தைத் தொட்டால் அதனுள் சிறு மின்னோட்டங்கள் சுழல்கின்றன. அவை எழுப்பும் மறுபுலத்தை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. தொலைபேசியை அமைத்த கிரகாம் பெல், 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட இத்தகைய கருவியையே கொண்டு சென்றார். குண்டு அகப்படவில்லை, படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர்.

கடற்கரையில் அக்குழப்பத்தை உண்டாக்குவது கடலே. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈரமணல் முழுவதும் மெல்லிய உலோகத் தகடுபோலக் கருவிக்குத் தோன்றுகிறது. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் எளிய கருவி உலர்மணலில் நன்கு உழைக்கும். ஈரமணலுக்கு வந்தவுடன் ஓயாது பிதற்றும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள. பல அதிர்வெண்களை ஒருங்கே செலுத்தி, உப்பின் மறுமொழியைப் பிரித்து நீக்குவது ஒன்று. மின்துடிப்பை விட்டுவிட்டு அனுப்பி, ஒவ்வொரு துடிப்பின் பின்னும் இமைப்பொழுதினும் குறைந்த நேரம் காத்திருப்பது மற்றொன்று. உப்புநீரின் சலனம் விரைவில் அடங்கிவிடும். உலோகத்தின் சலனம் சற்று நீடிக்கும்.

எக்கருவியாயினும் பொன்னைப் பொன்னென்று அறியாது. அலுமினியத் துண்டும் பொன்மோதிரமும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசக்கூடும். முழுவளையமான மோதிரத்தில் மின்னோட்டம் நன்கு சுழல்வதால் அதனைக் காண்பது எளிது. மெல்லிய சங்கிலியின் கண்ணிகளோ தனித்தனியே நிற்பதால் அதன் குரல் மிக மெலிந்தது. தாலிச்சங்கிலியைத் தேடுவோர் சங்கிலியினும் அதிற் கோத்த பொட்டையே நம்புதல் நன்று.

பொருள் நழுவினால் முதற்கடமை இடத்தைக் குறித்தல். கரையிலுள்ள மரம், கட்டடம் போன்ற இரண்டு அடையாளங்களுக்கு நேராக நின்று மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நீர் வற்றும் வேளையே தேடுதற்கு உகந்தது. சென்னைக் கரையில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே ஆதலால், வெளிப்படும் ஈரமணற் பட்டை குறுகியது. நீரோரத்திற்கு இணையாக, வரிவரியாக நடந்து, சுருளை ஒரே உயரத்தில் மெல்ல வீசவேண்டும். உணர்திறனைச் சற்றுக் குறைத்தால் பொய்யொலி அடங்கும். காலம் தாழ்த்தினால் கனத்த பொன் மணலுள் ஆழ்ந்து, கருவிக்கு எட்டாத நிலையை அடையும்.

புதைந்ததைக் கடல் மீண்டும் வெளிப்படுத்துவதும் உண்டு. 2020 நவம்பரில் நிவர் புயல் கடந்தபின், ஆந்திரத்தில் காக்கிநாடாவை அடுத்த உப்பாடா கரையில் சிறு பொன்மணிகள் கிடைத்தன. ஊர்மக்கள் திரண்டு கைகளாலேயே மணலை அளைந்து தேடினர். செய்தி கேட்டோர் கடல் பொன் கொழிக்கிறது என வியந்தனர். ஆனால் உப்பாடா, ஆண்டுதோறும் கடலுக்குக் கரையை இழந்துவரும் ஊர். வீடுகளும் கோயில்களும் அங்கு அலைவாய்ப்பட்டுள்ளன. வீடு கட்டத் தொடங்குகையில் கடைக்காலில் சிறிது பொன்னிடும் வழக்கம் நாம் அறிந்ததே. அம்மணிகளுட் சில, இடிந்த இல்லங்களின் எச்சமாகவும் இருக்கலாம் அன்றோ?

ஆதலின் கண்டெடுத்தவர் கடமையையும் அறிதல் வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம்வசம் வைத்திருப்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய பொறுப்பை ஏற்கிறார். மண்ணில் மறைந்திருந்த புதையல் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலோ அனுமதியின்றித் தோண்டலாகாது.

கருவி ஒலித்ததும் நம் உள்ளம் மகிழ்வது இயல்பு. அவ்வொலிக்கு அப்பால் எங்கோ ஒரு வீட்டில், கழுத்து வெறுமையாய் ஒருத்தி கலங்கியிருக்கக்கூடும். அவளைத் தேடி அப்பொருளைச் சேர்ப்பிக்கும் வேலையைக் கருவி செய்யாது. அது நம்முடைய வேலை.