காரை அழுத்தும் இறக்கை

1966-ல் அமெரிக்கரான ஜிம் ஹால், தமது சாப்பரல் பந்தயக் காரின் பின்புறத்தில் கவிழ்த்த விமான இறக்கை போன்றதொன்றை உயரத்தில் பொருத்தினார். வளைவுகளில் அது சாய்ந்து நின்று சக்கரங்களைத் தரையோடு அழுத்தும்; நேர்பாதையில் ஓட்டுநர் மிதியை அழுத்தினால் படுத்துவிடும்.

இவ்வழுத்தத்தைக் கணிக்க, காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தாலும், இறக்கையின் பரப்பாலும், சாய்வுக்குரிய குணகத்தாலும் பெருக்குதல் வேண்டும். பரப்பு 1 சதுர மீட்டர், குணகம் 1 எனின், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 150 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தம் கிட்டும். பாதி வேகத்தில் அதில் கால் பங்கே.

குணகந்தான் ஐயத்திற்குரியது. ஆதலின் ஓடும் காரில் பின் சுருள்வில் அமுங்கும் அளவைக் கொண்டு சரிபார்ப்பர். ஹாலின் காரிலோ இது பயன்படாது. இறக்கையின் கால்கள் வில்லின்மீதன்றிச் சக்கரத் தாங்கிகளின்மீதே ஊன்றியிருந்தன. 1969 மே மாதம் பார்சலோனாவில் இத்தகைய உயர் இறக்கைகள் முறிந்து இரு லோட்டஸ் கார்கள் நொறுங்கின. அம்மாதமே மொனாக்கோவில் அவை தடைசெய்யப்பட்டன.