பேருந்துக்கு ஒரு பாட்டு

2023 மே மாதம் ஆஸ்லோ நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். முதல் நாள் இரவு ஒரு மணிக்கு சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் நான். அதிர்வு எனக்குப் புதிதல்ல. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். சாதாரணச் சுவர் அதை எளிதில் தடுக்காது. எழுந்து பார்த்தால், தெருமுனையில் வண்ண விளக்குகளோடு ஒரு பேருந்து!

காலையில் பேரன் விளக்கினான். நார்வேயில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு 'ரூஸ்' என்று பெயர். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் அவர்கள் கொண்டாட்டம் மே 17-ஆம் தேதி முடிகிறது. 1814-இல் அந்நாட்டு அரசியல் சட்டம் கையெழுத்தான நாள் அது. பெரும்பாலோருக்குச் சிவப்பு உடை. வணிகப் படிப்பினருக்கு நீலம் என்பது பழைய வழக்கம். குறும்புச் சவால் ஒன்றைச் செய்து முடித்தால் குல்லாயின் கயிற்றில் ஒரு முடிச்சு!

பலர் குழுவாகச் சேர்ந்து பழைய பேருந்தை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஒலிபெருக்கிகள் பொருத்துகிறார்கள். பேருந்துக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொல்லும் பாட்டும் ஒன்று. எல்லாம் மின்னணு இசைதான். தாளம் ஏறிக்கொண்டே போய் ஒரு கணம் நின்றுவிடும். பிறகு மொத்தமாக இடி விழும். இதை அமைத்துத் தருவதற்கென்றே ஆட்கள் உண்டு. சில குழுக்கள் நம் கணக்கில் லட்சக்கணக்கில் கொடுக்கின்றன. இப்படிப் பெயர் வாங்கிய டிக்ஸ் என்ற பாடகர் 2021-இல் யூரோவிஷன் போட்டியில் நார்வே சார்பில் பாடினார். பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் சில பாட்டுகளில் வருவதால் கண்டனமும் உண்டு.

"உன் பேருந்து எதுடா?" என்றேன்.

"எனக்கு பஸ் இல்லை தாத்தா. ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே குழு சேர்ந்துட்டாங்க."

சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்தாள். "பணம்னு சொல்லியிருந்தா கொடுத்திருப்போமேடா!"

"பணம் இல்லைம்மா. என்னை யாரும் கூப்பிடலை."

மூன்று ஆண்டுகளாக அவன் மனத்தில் இருந்ததை மகள் அன்றுதான் கேட்டாள். 'என்ன கூச்சல் இது' என்று சொல்ல வாயெடுத்த நான் அடக்கிக்கொண்டேன்.

மே 17 ஊர்வலத்தில் அவனும் சிவப்பு உடையில், பேருந்து இல்லாத நான்கு நண்பர்களோடு நடந்தான். ரூஸ் மாணவர்கள் தங்கள் படம் போட்ட சிறு அட்டைகளை அச்சடித்து வைத்திருப்பார்கள். குழந்தைகள் ஓடிவந்து கேட்க, இவனும் குனிந்து குனிந்து கொடுத்தான். அப்போது எங்கிருந்தோ ஒரு பேருந்தின் பாட்டு கேட்டது. அவன் உதடுகள் அசைந்தன. தன்னைச் சேர்க்காத பேருந்தின் பாட்டு அவனுக்கு முழுதும் மனப்பாடம்!

நம் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிரியாவிடை விழா வருகிறது, டி.ஜே. வருகிறார், வசூலும் நடக்கிறது. எவ்வளவு என்று கேட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். யாரோடு போகிறாய் என்றும் ஒரு வார்த்தை கேட்போமே.