கைநாட்டு வைக்கும் முன்னே

உழைத்துச் சேர்த்த வீடு. கொஞ்சம் நிலம். நமக்கு வயதாகிவிட்டது. நமக்குப் பிறகு இது யாருக்கு? இந்தக் கேள்வி எல்லார் வீட்டிலும் உண்டு.

"பத்திரம் எழுதிவிடலாம் அம்மா. இங்கே ஒரு கைநாட்டு வை" என்பான் மகன். நம் பிள்ளைதானே என்று நாமும் வைத்துவிடுவோம். அது என்ன பத்திரம் என்று கேட்டோமா?

பத்திரங்களில் இரண்டு முக்கியமானவை. இரண்டும் ஒன்றல்ல.

உயில்

உயில் நம் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை வீடு நம்முடையதே. மனம் மாறினால் உயிலை மாற்றலாம். ரத்தும் செய்யலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். நாம் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் பாதுகாப்பு.

முஸ்லிம்களுக்குத் தனி விதி உண்டு. வாரிசுகள் சம்மதம் இல்லாமல், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

தானப் பத்திரம்

வீட்டையும் நிலத்தையும் தானமாகக் கொடுத்தால் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு முடிந்தால் சொத்து கைமாறிவிடும். பிறகு பிள்ளை சோறு போடாவிட்டாலும், எளிதில் திரும்ப வாங்க முடியாது.

இதற்காக 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் என்று பெயர். 60 வயது ஆனவர்கள் முதியோர். "என்னைக் கடைசிவரை கவனிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்திருக்கலாம். வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆகவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பி இருக்காதீர்கள்.

வக்கீலிடம் போகும்போது

பட்டா, பழைய பத்திரம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பரம்பரைச் சொத்தா, சுயமாகச் சம்பாதித்ததா என்று சொல்லுங்கள். கடன் இருந்தால் மறைக்காதீர்கள்.

வக்கீலோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மனதில் உள்ளதைச் சொல்ல வராது. கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எழுதியதை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இப்போது நமக்கும் எழுத்துத் தெரியும். நாமும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படிப்போம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

பணம் இல்லையா? மாவட்ட நீதிமன்றங்களில் இலவசச் சட்ட உதவி மையம் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும் வருமானம் பார்க்காமல் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

பிள்ளைகள் மேல் பாசம் இருக்கட்டும். தலைக்கு மேல் கூரையும் இருக்கட்டும்.

கலந்து பேசுவோம்

1. உயிலுக்கும் தானப் பத்திரத்துக்கும் என்ன வேறுபாடு?
2. உயிலுக்கு எத்தனை சாட்சிகள் வேண்டும்?
3. நம் ஊரில் சொத்தைக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் முதியவர் இருக்கிறாரா? அவருக்கு நாம் என்ன செய்யலாம்?