சீன எழுத்துப் பயிற்சி மென்பொருள்களில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்

உரையின் இலக்கணம் கூறப்புகுந்த நன்னூலார், 'காட்டு' என்பதனையும் அதன் உறுப்புக்களுள் ஒன்றாக வைத்தார். விதியைக் கூறுவதோடு அமையாது, அது வழக்கில் நிற்குமாற்றை எடுத்துக்காட்டினாலன்றிக் கற்போன் தெளிவு பெறான் என்பது நம் மரபின் துணிபு. சீன எழுத்துக்களை எழுதப் பயிற்றும் இன்றைய மென்பொருள்களிலும் சொல்தோறும் எடுத்துக்காட்டு வாக்கியம் இடம்பெறக் காண்கிறோம். அது வெறும் அணியாகவே பலருக்குத் தோன்றும். ஆனால், எந்த எழுத்தை எழுதவேண்டும் என்பதைப் பல இடங்களில் தீர்மானிப்பது அவ்வாக்கியமே. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8105 எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் முதல்நிலைக்குரியவை 3500. பிறமொழியாளர்க்கென 2021இல் வகுக்கப்பட்ட தர அளவீடு, 3000 எழுத்துக்களை இனங்காணவும் அவற்றுள் 1200ஐக் கையால் எழுதவும் வேண்டுமென்கிறது. வாசித்தற்கும் எழுதுதற்கும் இடையே இத்துணை வேறுபாடு வைக்கப்பட்டமையே எழுதுதலின் அருமையைப் புலப்படுத்தும்.

ஸ்கிரிட்டர் போன்ற மென்பொருள்களில் கற்போர் திரையின்மீது விரலாற் கோடுகளை இழுத்து எழுத்தை அமைக்கின்றனர். கோடுகளின் வடிவமும் வரிசையும் பிழைபடின் கருவி திருத்துகின்றது. சரியாக எழுதிய எழுத்து நெடுநாள் கழித்தும், பிழைத்த எழுத்து விரைவிலும் மீண்டும் கேட்கப்படும். மறதி காலத்தோடு வளருமாற்றை எபிங்ஹவுஸ் 1885இல் ஆராய்ந்து வெளியிட்டார். அட்டைப் பெட்டிகளைக்கொண்டு இடைவெளிவிட்டு மீட்டற்பயிற்சி செய்யும் முறையை லைட்னர் 1972இல் விளக்கினார். இன்றைய மென்பொருள்கள் இவ்வழியில் வந்தனவே. இம்முறை சரியானதை எவ்வளவு உறுதியாக மனத்திற் பதிக்குமோ, தவறானதையும் அவ்வளவு உறுதியாகவே பதிக்கும் என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று.

எழுதுவிக்கும்போது திரையில் தோன்றுவன சொல்லின் ஒலியும் பொருளுமாம். இவை போதாவோ எனின், போதா. பொதுச்சீன மொழியில் தொனி வேறுபாட்டை நீக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 400 அசைகளே உள்ளன. தொனிகளைச் சேர்த்து எண்ணினும் அவை ஏறக்குறைய 1300 அளவிலேயே நிற்கும். எனவே ஓர் ஒலிக்குப் பல எழுத்துக்கள் அமைதல் இயல்பு. நம் மாணவர் சொல்வதெழுதுகையில் 'மனம்', 'மணம்' என்பவற்றிடையே மயங்குவதை அறிவோம். ஆசிரியர் 'மல்லிகையின் மணம்' என்றவுடன் மயக்கம் தீர்கின்றது. தமிழிற் சில எழுத்துக்களளவில் நிகழும் இம்மயக்கம் சீனத்தில் மொழி முழுவதும் பரந்து கிடக்கின்றது.

'அவன்', 'அவள்', 'அது' என்னும் மூன்றுக்கும் சீனத்தில் ஒலி ஒன்றே, எழுத்தோ மூன்று. 'ட்சாய்' என ஒரே தொனியில் ஒலிக்கும் இரு சொற்களுள் ஒன்று 'இருத்தல்' எனவும், மற்றது 'மீண்டும்' எனவும் பொருள்படும். 'தெ' என்னும் இடைச்சொல்லின் நிலை இவற்றினும் நுட்பமானது. 'அழகான' என்பதிலுள்ள 'ஆன' போன்று பெயரைத் தழுவி நிற்குமிடத்து ஓரெழுத்து. 'மெதுவாக' என்பதிலுள்ள 'ஆக' போன்று வினையைத் தழுவுமிடத்து மற்றோரெழுத்து. வினைக்குப் பின்னின்று அவ்வினை நிகழ்ந்த தன்மையைச் சுட்டுமிடத்து மூன்றாம் எழுத்து. இவற்றுக்கு அகராதிப் பொருள் கூறி விளக்குதல் அரிது. எழுத்தைத் தெரிவுசெய்தற்கு வாக்கியமே வழி.

ஒரே எழுத்துப் பல பொருள்களில் வருமிடத்தும் வாக்கியம் வேண்டப்படுகின்றது. 'அடித்தல்' எனப் பொருள்படும் எழுத்தொன்று தொலைபேசியில் அழைத்தல், குடை பிடித்தல், நீர் மொள்ளல், கம்பளிச்சட்டை பின்னல் ஆகியவற்றையும் குறிக்கும். தமிழில் வெயிலும் 'அடிக்கின்றது' அன்றோ? 'அடித்தல்' என்னும் பொருளொன்றை மட்டும் கற்றவன் அவ்வழக்குக்களை எங்ஙனம் அறிவான்?

இனி, இவ்வாக்கியங்கள் எங்கிருந்து பெறப்படுகின்றன என்பதை நோக்குவாம். சிலவற்றை ஆசிரியர்கள் எழுதுகின்றனர். ஏனையவை பெருந்திரட்டுக்களிலிருந்து பொறியால் தேடி எடுக்கப்படுகின்றன. 2006இல் தொடங்கப்பெற்ற தத்தோயேபா அத்தகைய திரட்டுக்களுள் ஒன்று. தன்னார்வலர் பலர் எழுதியும் மொழிபெயர்த்தும் சேர்த்த வாக்கியங்கள் அதில் உள்ளன. பொறிவழித் தேடலில் இடர்கள் இரண்டு உள.

முதலாவது, சீன எழுத்துமுறை சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. 'பிங் பாங் சியூ பாய் மாய் வான் லெ' என ஏழெழுத்துக்களாலான தொடரை, 'மேசைப்பந்து மட்டைகள் விற்று முடிந்தன' எனவும், 'மேசைப்பந்துகள் ஏலத்தில் விற்று முடிந்தன' எனவும் பிரிக்கலாம். 'பாய்மாய்' என்னும் ஏலச்சொல்லுக்கு உதாரணம் தேடும் பொறி, மட்டை விற்ற கதையைக் கொண்டுவந்து வைத்தல் கூடும். எழுத்துக்கள் இருக்கும்; சொல் இராது.

இரண்டாவது, எழுத்தின் இருவகை வடிவங்களால் நேர்வது. சீனப் பெருநிலத்தில் எளிமையாக்கப்பட்ட வடிவங்களும், தைவானில் மரபு வடிவங்களும் வழங்குகின்றன. எளிமையாக்கத்தின்போது தனித்தனி எழுத்துக்கள் சில ஒன்றாயின. 'மியென்' என ஒலிக்கும் எளிய வடிவம் ஒன்றே முகத்தையும் நூடில்ஸையும் குறிக்கும். மரபு வடிவிலோ நூடில்ஸுக்கு வேறெழுத்து உண்டு. எளிய வடிவில் அமைந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்தாகப் பொறி மாற்றுமாயின், ஒருவன் நூடில்ஸ் உண்டதாகக் கூறும் வாக்கியம் அவன் முகத்தை உண்டதாக முடியும். வாசிப்பவன் நகைத்து அப்பாற் செல்வான். எழுதப் பயில்பவனோ அப்பிழையைப் பன்முறை எழுதித் தன் கையிற் பதித்துக்கொள்வான்.

வாக்கியம் பிழையற்றதாயினும் பயன்படாது போதல் உண்டு. கற்கும் சொல்லினும் கடினமான சொற்கள் அதில் நிறைந்திருப்பின், விளக்கவந்ததே விளக்கம் வேண்டி நிற்கும். கேட்கப்படும் எழுத்து அதே வாக்கியத்தின் பிறிதோரிடத்தில் மறைக்கப்படாது நின்றால், நினைவுகூரவேண்டியவன் பார்த்தெழுதுகின்றான். ஒரே வாக்கியம் மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், அதன் முதற்சொல்லைக் கண்டவுடனேயே கை விடையை எழுதிவிடும். அங்கே கற்கப்பட்டது வாக்கியத்தின் தோற்றமேயன்றி எழுத்தன்று; வேறொரு வாக்கியத்தில் அச்சொல் வேண்டப்படும்போது கை தயங்கி நிற்கும்.

ஆதலின், நல்ல எடுத்துக்காட்டுக்கு வேண்டுவன சிலவற்றைத் தொகுத்துரைக்கலாம். குறித்த எழுத்தையன்றி வேறொன்றை அவ்விடத்தில் எழுதவியலாதவாறு அது பொருளை வரையறுத்தல் வேண்டும், விடையைக் காட்டிக்கொடுத்தலாகாது, கற்றோன் முன்னறிந்த சொற்களால் அமைதல் வேண்டும், பொருள்தோறும் இரண்டு மூன்று வாக்கியங்கள் மாறிமாறி வருதல் நன்று, இருவகை வடிவங்களிலும் மொழியறிந்தோர் ஒருவர் பார்வையிட்டிருத்தல் இன்றியமையாதது. ஆயிரக்கணக்கான சொற்களுக்கு இவ்வாறு செய்தல் பெரும்பணியே. அது கைகூடாதவிடத்து, ஐயத்துக்கிடமான பத்து வாக்கியங்களைக் குவிப்பதினும் தேர்ந்த ஒன்றை வைத்தலே மேல்.

கோட்டின் வளைவையும் வரிசையையும் கணினி அளந்து திருத்திவிடும். ஆயின், முழுவதும் திருத்தமாக எழுதப்பட்ட எழுத்தும் அவ்விடத்துக்கு உரியதன்றாயின் பிழையே. அப்பிழையைத் தடுக்கவல்லது வாக்கியம். கைக்குக் கோடுகளைக் கற்பிப்போர், அக்கைக்கு வழிகாட்டும் வாக்கியத்தையும் அதே கவனத்தோடு நோக்குதல் கடனாகும்.