பந்தயத் தடம் – 6: மாருதி இன்ஜினும் கோவைப் பட்டறையும்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே போடப்பட்ட விமான ஓடுபாதைதான், 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை தென்னிந்தியாவின் ரேஸ் மைதானம். 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனம் திரண்டது.

பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஓட்ட முடிந்தவர்களோ வெகு சிலர். வெளிநாட்டுப் பந்தயக் காரைத் தருவிக்க வேண்டுமென்றால் அதன் விலைக்கு மேல் இறக்குமதி வரி கட்ட வேண்டும். தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். வசதி குறைந்தவர்கள் ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் கார்களின் இன்ஜினைக் குடைந்து, எடையைக் குறைத்து, கிடைத்த டயரை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கையில் திறமையும் பையில் அளவான பணமும் உள்ள பதினெட்டு வயதுப் பையன் ரேஸ் டிரைவராக வேண்டுமென்றால், அவனுக்கென்று ஒரு கார் இந்தியாவில் இல்லை.

அந்தக் காரைக் கட்டியவர் எஸ். கரிவரதன்.

கோவையின் பஞ்சாலைத் தொழில் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சோழவரத்தில் வெற்றிகள் குவித்த டிரைவர். அதே அளவுக்கு ஸ்பேனரைக் கையில் எடுக்கத் தயங்காத பொறியாளர் மனம் கொண்டவர். பம்ப்செட்டும் நூற்பு இயந்திரமும் செய்யும் கோவையில் ஃபவுண்டரிக்கும் லேத்துக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை. அந்தக் கைத்திறனை ரேஸ் பக்கம் திருப்பினார் கரிவரதன். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி பிறந்தது.

796 சிசி, மூன்று சிலிண்டர். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் காரில் ஓடுகிற அதே இன்ஜின். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்தத் தேர்வில்தான் கரிவரதனின் புத்திக்கூர்மை இருக்கிறது. இன்ஜின் உள்நாட்டுச் சரக்கு என்பதால் இறக்குமதி வரி இல்லை. கேஸ்கெட்டோ கிளட்ச் பிளேட்டோ போனால் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், யார் முன்னால் வருகிறார் என்பதைப் பணம் தீர்மானிப்பதும் குறைகிறது. குதிரைத்திறன் குறைவாக இருப்பதும் புதியவனுக்கு நல்லதே. பலமான இன்ஜின் இருந்தால், வளைவில் செய்த தவறை அடுத்த நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை மிதித்து மறைத்துவிடலாம். சின்ன இன்ஜினில் அது நடக்காது. வளைவில் இழந்த வேகம் அந்த நேர்ப்பாதை முழுக்க டிரைவரைத் துரத்தும். பிரேக்கை எங்கே விடுவது, ஸ்டீயரிங்கை எவ்வளவு குறைவாகத் திருப்புவது என்பதை அந்தக் காரே கற்றுக்கொடுத்துவிடும்.

1990ல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. காரும் வந்தாயிற்று, களமும் வந்தாயிற்று. அங்கே ஃபார்முலா மாருதியில் முதல் பந்தயத்துக்கு இறங்கி, மேடையேறும் இடத்தைப் பிடித்தான் கோவைச் சிறுவன் ஒருவன். தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன், கரிவரதனுக்கும் நெருங்கிய உறவு. பெயர் நரேன்.

அடுத்து நடந்தவை வேகமானவை. பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயிற்சி. 1994ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு. 1996ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் பட்டம். பிறகு கார்லின் அணியில் பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனை ஓட்டமாக ஓட்டியபோது, ஃபார்முலா ஒன் அணி ஒன்றுக்காகக் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நரேன் கார்த்திகேயன். 2005ல் ஜோர்டான் அணியின் முழுநேர டிரைவர். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995ல் விமான விபத்து ஒன்றில் அவர் இறந்துவிட்டார். சென்னையின் கருண் சந்தோக்கும் 2000ல் ஃபார்முலா மாருதியிலிருந்தே தொடங்கி, 2010ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டினார். இந்தியாவிலிருந்து அந்த உச்சிக்குப் போனவர்கள் இதுவரை இந்த இருவர்தான். இருவருக்கும் முதல் படி அந்த மாருதி இன்ஜின்.

நரேன் புள்ளிகள் எடுத்த பந்தயத்தில்கூட பொறியியலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2005 அமெரிக்க கிராண்ட் பிரீ, இண்டியானாபோலிஸ். அந்தத் தடத்தின் சரிவான கடைசி வளைவின் அழுத்தத்தை மிஷெலின் டயர்களால் தாங்க முடியவில்லை. பயிற்சியின்போதே டயர் வெடித்து ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. ஞாயிற்றுக்கிழமை அறிமுகச் சுற்று முடிந்ததும் மிஷெலின் அணிகளின் 14 கார்களும், அணிகள் காரைச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த ஆறு கார்கள் மட்டுமே ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஒரு ரப்பர் கலவையும் ஒரு வளைவின் கோணமும் சேர்ந்து அன்றைய பந்தயத்தின் தலையெழுத்தை மாற்றிவிட்டன.

அதனால்தான் டிரைவராக நினைப்பவர் பொறியியலையும், பொறியாளராக நினைப்பவர் ஓட்டுவதையும் ஆரம்பத்திலிருந்தே கற்க வேண்டும். இது சும்மா சொல்கிற அறிவுரை இல்லை; பிட்டில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் விளங்கிவிடும்.

பயிற்சி ஓட்டம் முடிந்து கார் உள்ளே வருகிறது. சக்கரம் நிற்பதற்குள் மெக்கானிக் ஒருவர் ஊசி போன்ற வெப்பமானியுடன் குனிகிறார். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் குத்தி வெப்பத்தைக் குறிக்கிறார். நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று கூடுதல். இரு விளிம்புகளும் சூடேறி நடு குளிர்ந்திருந்தால் காற்று போதவில்லை. உள்விளிம்பு அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், அதாவது கேம்பர், அதிகம். இதையெல்லாம் டயர் ஆறுவதற்குள் எடுத்தாக வேண்டும்.

இதற்குள் டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பார். “கார் சரியில்லை” என்று அவர் சொன்னால் பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. “மூன்றாவது வளைவில் பிரேக்கை விடும்வரை மூக்கு நன்றாகத் திரும்புகிறது, விட்டதும் வெளியே தள்ளுகிறது, ஆக்சிலரேட்டரைத் தொட்டால் இன்னும் மோசம்” என்றால் வேலை தொடங்கிவிடும். பொறியாளர் மடிக்கணினியில் அந்த வளைவைத் திறப்பார். வேகம், பிரேக் அழுத்தம், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் கோணம் என நான்கு கோடுகள். ஸ்டீயரிங் கோடு ஏறிக்கொண்டே போகிறது, கார் மட்டும் திரும்பவில்லை. இது அண்டர்ஸ்டீர். வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன்பக்க ஆன்ட்டி–ரோல் பாரை ஒரு படி தளர்த்தலாம். முன் இறக்கை இருந்தால் அதன் கோணத்தை ஒரு புள்ளி கூட்டலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, மூன்று சுற்று ஓட்டி, மறுபடி பார்ப்பார்கள். குறையைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த டிரைவருக்கு, வேகம் ஒரு மாற்று குறைந்தாலும், அணிகளில் மதிப்பு அதிகம்.

இந்த இரட்டைத் திறமைக்கு உலகின் பெரிய உதாரணம் நியூசிலாந்தின் புரூஸ் மெக்லாரன். ஆக்லாந்தில் அவர் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட். சிறுவயதில் இடுப்பெலும்பு நோய் வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருத்துவ இல்லத்தில் கிடந்த பையன், அப்பா வாங்கிய பழைய ஆஸ்டின் 7 காரைக் கழற்றி மாட்டித்தான் தொழில் கற்றான். பொறியியல் படித்துக்கொண்டே ரேஸ் ஓட்டினான். 1958ல் கிடைத்த உதவித்தொகை அவனை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1959 டிசம்பரில், 22 வயதில், அமெரிக்க கிராண்ட் பிரீயை வென்றார் புரூஸ். 1963ல் தன் பெயரில் அணி தொடங்கினார். 1968ல் தன் அணி கட்டிய காரிலேயே பெல்ஜியம் கிராண்ட் பிரீயை வென்றார். 1970 ஜூன் 2 அன்று குட்வுட்டில் புதிய காரைச் சோதித்தபோது விபத்தில் உயிரிழந்தார். 32 வயது. கரிவரதனைப் போல அவரும், கட்டுகிறவர் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்று நம்பிய தலைமுறை.

ஓட்டாமலே உச்சிக்குப் போனவர்களும் உண்டு. மைக்கேல் ஷூமாக்கரின் ஏழு பட்டங்களுக்கும் தொழில்நுட்பத் தலைமை வகித்த ராஸ் பிரான், 1976ல் மார்ச் என்ற பந்தயக் கார் நிறுவனத்தில் மில்லிங் மெஷின் ஓட்டுபவராகத்தான் நுழைந்தார். ஏட்ரியன் நியூவி 1980ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் விமான, விண்வெளிப் பொறியியல் முடித்து நேராக ரேஸ் அணியில் சேர்ந்தார். ரெட்புல் அணியின் பந்தய வியூகத்தை வகுக்கும் ஹானா ஷ்மிட்ஸ், கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் படித்தவர். ஒருவர் பட்டறை வழி, ஒருவர் காற்றியக்கம் வழி, ஒருவர் கணக்கு வழி.

இங்கே இருக்கும் மாணவருக்கு வழி எது? மறுபடியும் கோவைக்கே வர வேண்டியிருக்கிறது. செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீடுவே என்று பெயர். கரிவரதனின் நினைவாக வைத்தது. அங்கே ஃபார்முலா பாரத் போட்டிக்கு, நாடெங்கிலுமிருந்து பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய சிறிய பந்தயக் கார்களுடன் வந்து இறங்குகிறார்கள். பெட்ரோல் கார்களும் உண்டு, மின்சாரக் கார்களும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ரஃப்தார், வி.ஐ.டி.யின் பிரவேகா போன்ற மாணவர் அணிகள் இந்த வகைப் போட்டிகளில் வளர்ந்தவை.

கொண்டுவந்த உடனே ஓட்டிவிட முடியாது. முதலில் விதிப்படி ஒவ்வொரு போல்ட்டாகப் பரிசோதனை. அடுத்து, டிரைவரோடு சேர்த்துக் காரை 60 டிகிரி சாய்க்கும் மேசையில் ஏற்றுவார்கள். மேல்பக்கச் சக்கரங்கள் மேசையை விட்டு எழும்பினால் தோல்வி. பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்து என்றால் டிரைவர் பெல்ட்டைக் கழற்றி 5 விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இவற்றைத் தாண்டிய பிறகே 75 மீட்டர் பாய்ச்சல், எட்டு வடிவ ஓட்டம், கடைசியாகச் சுமார் 22 கிலோமீட்டர் நீடிப்புப் பந்தயம். பாதியில் டிரைவர் மாற வேண்டும். ஓடி வந்து சூடேறிய இன்ஜின் அப்போது மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் பல மாதங்களின் உழைப்பு அங்கேயே நின்றுபோன அணிகள் உண்டு.

வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. “இந்தக் குழாயை ஏன் இந்தத் தடிமனில் போட்டீர்கள்?” என்று நடுவர் கேட்பார். “சீனியர்கள் அப்படித்தான் போட்டார்கள்” என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. கணக்கு, சோதனை முடிவு, செலவுப் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் வைக்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் ரேஸ் அணிகளும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. அதனால் இந்தப் போட்டியில் இரண்டு ஆண்டு கிரீஸ் பூசிக்கொண்ட கைக்கு, மதிப்பெண் சான்றிதழுக்குச் சமமான எடை இருக்கிறது.

டிரைவராக நினைப்பவருக்கு ஏணி வேறு. கோ–கார்ட்டில் ஆரம்பித்து, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பிடம் உரிமம் பெற்று, 15 வயதில் ஃபார்முலா 4. ஃபார்முலா ஒன்றுக்கான சூப்பர் லைசென்ஸ் வேண்டுமென்றால் பொதுவாக வயது 18 நிறைந்திருக்க வேண்டும்; கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்; விதிமுறைத் தேர்வும் உண்டு. ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12 புள்ளிகள். ஃபார்முலா 2ல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் 40 புள்ளிகளும் ஒரே ஆண்டில் கிடைத்துவிடும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா 4 பந்தயம் 2023 முதல் இந்தியாவிலேயே நடக்கிறது. 1990களில் நரேன் இங்கிலாந்து போய்த் தேட வேண்டியிருந்த படிகளில் ஒன்று, இன்றைய பையனுக்கும் பெண்ணுக்கும் இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கிறது.

ஆனால் செலவு? கார்ட் டயரில் தொடங்கி ஐரோப்பியப் பந்தய இருக்கை வரை ஒவ்வொரு படியிலும் பணம் குறுக்கே நிற்கிறது. கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து உடைக்கப் பார்த்ததும் இந்தத் தடையைத்தான். ஸ்பான்சர்கள் எதைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள், டயர் நிறுவனங்கள் நடத்தும் பந்தயத் தொடர்கள் இந்திய டிரைவர்களை எப்படி வளர்த்தன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)