‘கொட்டுக்காளி’ ஏன் அங்கேயே நின்றுவிடுகிறது?

‘கொட்டுக்காளி’ பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: கடைசியில் என்ன ஆயிற்று? பாண்டி மனம் மாறித் திரும்பினானா, இல்லை மீனாவைச் சாமியாரிடம் விட்டுவிட்டானா? 2024 ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குக்கு வந்த படம் ஓடிடிக்குப் போன பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. உண்மையில் படம் முழுமையாகவே முடிகிறது. அந்த முடிவு கண்ணில் படுவதைவிடக் காதில்தான் அதிகம் விழுகிறது. வசனத்தையும் சம்பவத்தையும் மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அது தப்பிவிடுகிறது.

கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வேறு சாதிப் பையனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீடு முடிவுகட்டுகிறது. அவளை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி, முன்னும் பின்னும் பைக்குகளோடு, பேய் ஓட்டும் சாமியாரிடம் குடும்பமே கிளம்புகிறது. அந்தப் பெண் மீனாவாக அன்னா பென், அவளுக்கு நிச்சயித்த பாண்டியாக சூரி. இயக்கம் பி.எஸ். வினோத்ராஜ், தயாரிப்பு சிவகார்த்திகேயன் புரொடக்‌ஷன்ஸ். 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் படம் முதலில் திரையிடப்பட்டது. வினோத்ராஜின் முந்தைய படமான ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. இது வெறும் தொழில்நுட்பத் தகவலாகச் சொல்லப்பட்டு, பலராலும் அப்படியே கடந்துபோகப்பட்டது. ஆனால் படத்தைத் திறக்கும் சாவி அதுதான். தமிழ்ப் படங்களில் பிஜிஎம் செய்யும் வேலை பெரியது. யாரை நம்பலாம், எங்கே பயப்பட வேண்டும், எப்போது அழலாம் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கும். வில்லன் கதவைத் திறப்பதற்குள் ஆர்கெஸ்ட்ரா அவனை அறிமுகம் செய்துவிடும். பல பத்தாண்டுகளாக இந்தப் பழக்கத்தில் வளர்ந்த காது, இசை இல்லாத படத்தில் முதல் 20 நிமிடம் தவிக்கத்தான் செய்யும். அந்தத் தவிப்பைப் பார்வையாளரின் குறையாகச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அதைப் பொறுத்துக்கொண்டவருக்குப் படம் வேறு ஒன்றைக் கொடுக்கிறது.

கொடுப்பது குரல்களின் கணக்கு. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது. அவன் வாயைத் திறந்தால் கரகரப்புதான் வருகிறது. அந்தக் கூட்டத்திலேயே அதிக அதிகாரம் உள்ள ஆணுக்குச் சரியாகப் பேச முடியவில்லை. மீனாவுக்குப் பேச முடியும், ஆனால் அவள் பேச மறுக்கிறாள். படம் முழுவதும் ஏறக்குறைய வாய் திறக்காமலே ஒரு பெண் தன்னைச் சுற்றியுள்ள அத்தனை பேரையும் நிலைகுலையச் செய்கிறாள். அன்னா பென்னின் நடிப்பைக் கண்களின் நடிப்பு என்று பாராட்டியது சரிதான். அந்த மௌனத்தை ஒரு பிடிவாதமாக, ஒரு செயலாகவே அவர் நடித்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோகத்தில் மௌனமாக இருப்பதும் எதிர்ப்பில் மௌனமாக இருப்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு ஒவ்வொரு ஷாட்டிலும் தெரிகிறது.

வழியில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு காற்றில் வருகிறது. மீனாவின் உதடு அதோடு சேர்ந்து லேசாக முணுமுணுக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. பாண்டி வெறிபிடித்தவனைப் போல அவளையும் தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். இசையே இல்லாத ஒரு படம், இசையை இந்த ஓர் இடத்துக்காகச் சேமித்து வைத்திருக்கிறது. வழக்கமான பிஜிஎம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த முணுமுணுப்பு யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும், அதற்காக ஒரு மனிதன் இவ்வளவு கொதிப்பானா என்ற சந்தேகம் வந்திருக்கும். அவள் மனம் இன்னும் அவளிடமே இருக்கிறது என்பதற்கு அந்த முணுமுணுப்பு சாட்சி. பாண்டிக்குத் தாங்க முடியாதது அதுதான். அண்மைக்காலத் தமிழ்ப் படங்களில் ஒலியை இத்தனை கதைப் பொறுப்போடு கையாண்ட காட்சி இன்னொன்றைச் சொல்வது கடினம்.

காளை வழிமறிக்கும் காட்சியும் அந்த வரிசையில் வருகிறது. வீறாப்பாக வந்த ஆண்கள் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். யாரும் கைதட்டச் சொல்லவில்லை, இசையும் ஏறவில்லை. அதனால்தான் அது மனதில் தங்குகிறது. பலி கொடுக்கக் கட்டிக் கொண்டுபோகும் சேவலை மீனாவுக்கு இணையாக அடிக்கடி காட்டுவது மட்டும் சற்று அதிகம். முதல் முறையிலேயே புரிந்துவிடுவதைப் படம் மறுபடியும் மறுபடியும் அடிக்கோடிடுகிறது.

இப்போது முடிவு. சாமியார் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இவர்களுக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் உடம்பில் அந்த ஆளின் கை எப்படிப் படுகிறது என்பதைப் பாண்டி பார்க்கிறான். அடுத்தது மீனாவின் முறை. இங்கே கேட்க வேண்டியது பாண்டியின் குரலை. வழி நெடுக உறுமியும் அதட்டியும் அடித்தும் வந்தவன் இப்போது எதுவும் சொல்லாமல் நிற்கிறான். படத்தின் தொடக்கத்திலிருந்து மீனாவிடம் இருந்த மௌனம் இப்போது அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. படம் சொல்ல வந்த மாற்றம் இதுதான், அது திரையிலேயே நடந்தும் முடிந்துவிட்டது. அவன் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறானா என்பது அதற்குப் பிந்திய கேள்வி. திரும்புவதாகக் காட்டியிருந்தால் பாண்டி கதாநாயகனாகிவிடுவான், மீனா மீட்கப்பட்ட பொருளாகிவிடுவாள். அத்தனை நேரம் அவள் காத்த பிடிவாதத்துக்கு மதிப்பில்லாமல் போயிருக்கும். திரும்பவில்லை என்று காட்டியிருந்தால் இன்னொரு துயரப் படமாக அது ஒதுக்கப்பட்டிருக்கும். நிறுத்தின இடம் சரியான இடம்.

அதே ஆகஸ்ட் 23 அன்றுதான் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வெளியானது. ஒரே நாளில் வந்த இரண்டு படங்களில் ஒன்று மக்களிடம் பெரிதாகப் போய்ச் சேர்ந்தது, மற்றது விழாப் படம் என்ற பெயரோடு நின்றது. ‘கொட்டுக்காளி’யைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கவே வேண்டாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அந்தப் பேச்சு தவறு. இருட்டும் நல்ல ஒலிபெருக்கிகளும் உள்ள அரங்கம் இசை நிறைந்த படத்துக்கு வேண்டியதைவிட இசை இல்லாத படத்துக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

‘வாழை’ எதிர்த்திசையில் போகிறது. சந்தோஷ் நாராயணனின் இசை படம் முழுக்கப் பரவியிருக்கிறது. பள்ளி விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிவனைந்தனின் உலகம், ரஜினியா கமலா என்று நண்பனோடு போடும் சண்டை, பூங்கொடி டீச்சர் மேல் வைத்திருக்கும் பிரியம் எல்லாம் இசையோடு சேர்ந்தே மலர்கின்றன. மாரி செல்வராஜின் சொந்தப் பால்யத்திலிருந்து வந்த கதை இது. இங்கே இசை தேவைதான், ஏனென்றால் ஒரு சிறுவனின் மனசுக்குள் ஓடும் பாட்டு அது. படத்தின் பொருளாதாரத்தையும் கவனிக்க வேண்டும். சுமப்பவர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கொடுத்த வியாபாரி அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறான். அந்த லாரிக்கு நேரும் விபத்து விதியால் வரவில்லை, அந்தக் கணக்கிலிருந்து வந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு மரணத்தின் விலையைச் சொன்ன படங்கள் தமிழில் குறைவு.

ஆனால் உச்சக்காட்சியில் இசை முந்திக்கொள்கிறது. பசியில் வாடி வரும் சிறுவன், சாவு விழுந்த வீட்டுக்குள் போய்ச் சோற்றை அள்ளித் தின்கிறான். தமிழ் சினிமா எழுதிய மிகக் கொடூரமான, மிக உண்மையான காட்சிகளில் அது ஒன்று. அந்த இடத்தில் ஒரு வாத்தியமும் வேண்டியிருக்கவில்லை. ஒப்பாரியும் பாத்திரச் சத்தமும் மட்டும் போதுமாக இருந்திருக்கும். ‘வாழை’ பெரிய படம் என்பதில் ஐயமில்லை. கடைசிப் பத்து நிமிடம் தன் மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

பாட்டையும் இசையையும் விலக்கிவைக்கும் துணிவு தமிழுக்குப் புதிதல்ல. 1954இல் ஏவிஎம் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டு இருபதுக்குக் குறைந்தால் படமா என்று கேட்ட காலத்தின் நினைவு அப்போது இன்னும் மறையவில்லை. சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம் படம் தொடங்கும்போதே சுடப்பட்டுச் சாகிறது. பிறகு ஒவ்வொருவர் பார்வையிலும் கதை திரும்பச் சொல்லப்படுகிறது. அதை இயக்கிய எஸ். பாலச்சந்தர் பிற்காலத்தில் உலகம் அறிந்த வீணைக் கலைஞர். இசையைத் தன் உயிராகக் கொண்ட ஒருவர்தான் பாட்டில்லாத படத்தை எடுத்தார். எங்கே இசை வேண்டாம் என்பது இசைவாணருக்குத்தான் நன்றாகத் தெரியும். 1988இல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ வேறொரு வழி கண்டது. இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்புக்காக ஏற்கெனவே அமைத்திருந்த இசையே அந்தப் படத்தில் பயன்பட்டது. காட்சிக்குக் காட்சி அளவெடுத்துத் தைக்காத இசை என்பதால், அது கதாபாத்திரங்களின் உணர்ச்சியை முந்திக்கொண்டு ஓடாமல் கொஞ்சம் தள்ளியே நிற்கிறது. அர்ச்சனாவின் நடிப்பு அந்த இடைவெளியில்தான் மூச்சு விடுகிறது.

இரண்டாவதாக அடிக்கடி எழும் கேள்வி ‘மெய்யழகன்’ பற்றியது. 2024 செப்டம்பர் 27 அன்று ஏறக்குறைய 177 நிமிட நீளத்தோடு வந்த படத்தில், சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டது. வெட்டியது சரியா? சரியில்லை. தஞ்சாவூரில் சொந்த வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, இருபது வருடத்துக்கு மேல் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்காக வருகிறான். அத்தான் அத்தான் என்று உருகும் ஒருவனிடம் மாட்டிக்கொள்கிறான். அவன் பெயர்கூட அருளுக்கு நினைவில்லை. அந்த ஒருவன் நிறுத்தாமல் பேசுகிறவன். ஜல்லிக்கட்டு, ஈழம், சோழர் காலம் என்று அவன் பேச்சு எங்கெங்கோ போகும். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி அந்தப் பேச்சுதான். பேச்சு கதையை விட்டு விலகியது உண்மை, ஆனால் அந்த மனிதனே அப்படி விலகி விலகிப் பேசுகிறவன்தான். அவன் பேச்சைக் குறைத்தால் அருளின் கூச்சமும் பொறுமையும் பிறகு வரும் உருக்கமும் அந்த அளவுக்குக் குறைகின்றன. அருளாக நடித்த அரவிந்த் சாமி பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான் இந்தப் படத்தின் கதை.

குறைத்திருக்க வேண்டியது நிமிடங்களை அல்ல, இசையை. கோவிந்த் வசந்தாவின் மெட்டுகள் அழகானவை, கமல்ஹாசன் பாடிய பாட்டு உட்பட. ஆனால் பின்னணியில் அவை அடிக்கடி அரவிந்த் சாமியின் கண்ணுக்கு முன்பே கலங்கிவிடுகின்றன. கல்யாண மேடையில் தங்கைக்கு அவர் நகை போட்டுவிடும் காட்சியில் நடிகர்கள் எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள். இசை ஒரு நிமிடம் தாமதித்து வந்திருந்தால், அழுகை பார்வையாளரிடமிருந்தே தொடங்கியிருக்கும். இயக்குநர் பிரேம்குமார் ‘96’இல் கற்றுக்கொடுத்த நிதானம் இங்கே காட்சியில் இருக்கிறது, ஒலியில் இல்லை.

கடைசியாக, வீட்டில் இந்தப் படங்களைப் பார்க்கும் முறை, சுருக்கமாக. டிவியின் ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ அல்லது ‘ஆட்டோ வால்யூம்’ இருந்தால் அணைக்க வேண்டும். அவை மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். ‘கொட்டுக்காளி’யின் அமைதிக்கு அதற்குப் பிறகு எடையே இருக்காது. வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்து, செயலியில் தேர்வு இருந்தால், 5.1 ஒலித்தடத்துக்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் நடு ஸ்பீக்கருக்கென்று வைத்த வசனம் அமுங்கிக் கேட்கக்கூடும். போனில் பார்ப்பவர்களுக்கு ஹெட்ஃபோன் கட்டாயம், ஏனென்றால் போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் வருவதே இல்லை. 1.25 வேகத்தில் ஓட்டினால் மௌனத்தின் அளவு மாறிவிடும், ஆகவே சாதாரண வேகமே நல்லது. மதுரை வட்டாரப் பேச்சு பிடிபடவில்லை என்றால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மீனா திரையில் இருக்கும்போது கண் கீழே போகக்கூடாது. ‘ஆட்டோபிளே’யையும் அணைத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதுமே செயலி அடுத்த படத்தின் டிரெய்லரை அதன் மேல் ஏற்றிவிடும்.